கேளுங்க மக்கா: ஓபராவுக்கு பிள்ளைய கூட்டிட்டு போலாமா?

போன மாசம் வேற ஏதோ கேள்விக்கு பதில் எழுதும்போது, ஜெர்மனியில இருந்த 11 வருஷத்துல மகனை ஓபராவுக்கு, அதான் பாடிப் பாடியே நடிக்கிற மேடை நாடகத்துக்கு, கூட்டிட்டு போய் பட்ட பாட்டை ரெண்டு வரி எழுதித் தொலைச்சுட்டேன். அதுக்கப்பறம் வந்த மெயில்ல பாதி அதப்பத்திதான். நம்ம கன்னியாகுமரி ஜில்லாக்காரங்க உலகத்துல இவ்வளவு ஊர்ல ஓபரா வாசல்ல டிக்கெட்டை கையில வச்சுட்டு யோசிச்சுட்டு நிப்பாங்கன்னு எனக்கு சத்தியமா தெரியாது. அதனால இந்த தடவை மாமியார் சண்டை, பிஎஃப் பணம், முடி கொட்டுறது எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு இதை மட்டும் பாத்துருவோம்.

கேள்வி: அக்கா, எனக்கு சொந்த ஊர் தக்கலை. கல்யாணம் ஆகி வியன்னா வந்து ஆறு வருஷம் ஆச்சு. மகளுக்கு அஞ்சரை வயசு. இவங்க ஆபீஸ்ல ஒருத்தர் ஸ்டாட்ஸோபர்ங்கிற இங்கத்த பெரிய ஓபரா ஹவுஸ்ல ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவுக்கு மூணு டிக்கெட் குடுத்திருக்காரு, அவருக்கு போக முடியலயாம். எனக்கு மகளை கூட்டிட்டு போகணும்னு ஒரே கொதியா இருக்கு. இவங்க என்னன்னா மூணு மணி நேரம் பிள்ளை இருக்காது, நடுவுல அழும், எல்லாரும் திரும்பி பாப்பாங்க, மானம் போயிரும்ங்கிறாங்க. மாமியார் வீடியோ கால்ல “பிள்ளைக்கு காது அடைச்சு போவும், ஒண்ணும் வேண்டாம்”னு சொல்லிட்டாங்க. போலாமா, வேண்டாமா? (பெயர் போட வேண்டாம்னு சொன்ன தங்கச்சி, வியன்னா)

போ மக்கா. ஆனா ஓசி டிக்கெட் கெடச்சிருக்குன்னு போகாத, பிள்ளைக்கு கதை தெரிஞ்ச பொறவு போ. ஷோவுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குன்னு எழுதியிருக்க, அது தாராளம்.

நான் சின்ன பிள்ளையா இருக்கும்போது எங்க பாட்டா என்னய திருவட்டார் ஆதிகேசவப் பெருமாள் கோயில் திருவிழாவுக்கு கதகளி பாக்க கூட்டிட்டு போவாங்க. எனக்கு அப்ப ஆறு வயசு இருக்கும், மலையாளப் பாட்டு ஒரு எழவும் புரியாது. ஆனா பஸ்ல போகும்போதே பாட்டா கதைய சொல்லிருவாங்க, இன்னைக்கு துச்சாதனன் வருவான், பீமன் அவன் வயித்தை கிழிச்சு குடலை உருவுவான், பயந்தா என் துண்டுக்குள்ள மூஞ்சிய வச்சுக்கோ, ஆனா சத்தம் போடப்படாதுன்னு. அங்க ரெண்டு பேரு திரைச்சீலைய ஆளுக்கொரு மூலையா பிடிச்சுட்டு நிப்பாங்க, சீலைக்கு மேல கிரீடத்தோட நுனி மட்டும் ஆடும், கீழ சலங்கை கட்டின காலு தெரியும், செண்டை சத்தம் ஏறிட்டே போகும், உள்ள நிக்கது யாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும்ங்கிறதால சீலை இறங்குறதுக்குள்ள எனக்கு தொண்டை வறண்டுரும். பக்கத்துல கதை தெரியாத பிள்ளைங்க கடலை தின்னுட்டு இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். நடு ராத்திரிக்கு மேல நான் பாயில சுருண்டு தூங்கிருவேன், குடல் உருவுற நேரத்துல பாட்டா தட்டி எழுப்புவாங்க. பாதி தூங்கிட்டேன்னு யாரும் என்னய ஏசல.

ஓபராவும் இதேதான். தெரியாத பாஷை, பெரிய வேஷம், பெரிய சத்தம், எல்லாரும் அறிஞ்ச பழைய கதை. கதகளியில ஆடுறவங்க பாட மாட்டாங்க, பின்னால பாகவதருங்க நின்னு பாடுவாங்க, ஓபராவுல ஆடுற ஆளே பாடணும், அதுவும் மைக் இல்லாம, முன்னால குழியில உக்காந்து வாசிக்கிற அத்தன வாத்தியத்துக்கும் மேல கேக்குற மாதிரி பாடணும். இத மகள்ட்ட முன்னாடியே சொல்லி வை. “மைக் இல்லாமலா?”ன்னு அதுக்கு ஒரு ஆச்சரியம் வரும், பொறவு அங்க போய் பாடுறவங்க சட்டையில மைக் ஒளிச்சு வச்சிருக்காங்களான்னு தேடிட்டே கால் மணி நேரம் ஓட்டிரும்.

உன் மாமியாருக்கு இதுதான் பதில். நம்ம ஊர் கல்யாண மண்டபத்துல செண்டை மேளத்துக்கு பக்கத்துல பிள்ளைய வச்சுட்டு நிக்கோம், கோயில் கொடைக்கு கோளாம்பி ஸ்பீக்கர தென்னை மரத்துல கட்டி விடிய விடிய அலற விடுகோம், அதுல போகாத காது இதுல போகாது. மேளக்காரங்க பக்கத்துல வர்ற மாதிரி மேடைக்கு ஒட்டின சீட்டா இருந்தா மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ.

இப்ப கதை. இத தக்கலை பாஷையில சொல்லு, ஜெர்மன் கிண்டர்கார்டன்ல கத்துக்கிடட்டும். ஒரு ராசகுமாரனை பெரிய பாம்பு துரத்துது, அவன் மயங்கி விழுந்துருகான், ராத்திரி ராணியோட மூணு தோழிமாரு வந்து பாம்ப கொல்லுகாங்க. கண்ண முழிச்சு பாத்தா பக்கத்துல ஒருத்தன் நிக்கான், உடம்பெல்லாம் இறகு, முதுகுல பறவைக்கூடு, கையில சின்ன குழல். பாப்பகேனோ, பறவை பிடிக்கிறவன். “பாம்ப கொன்னது நான்தான்”னு கூசாம புளுகுவான். பொய் சொன்னதுக்கு அந்த தோழிமாரு அவன் வாயில ஒரு பூட்டு போட்டுருவாங்க, அவன் பொறவு “ம்ம் ம்ம் ம்ம்”னுதான் பாடுவான். உன் மக இந்த இடத்துல விழுந்து சிரிக்கலன்னா நான் இந்த பக்கத்தை எழுதுறத நிறுத்திருகேன். அப்பறம் ராணியோட மகள மீட்கப் போறாங்க, மாயக் குழலும் மணியும் கெடைக்குது, பேசாம இருக்கணும்னு ஒரு சோதனை, நெருப்பு, தண்ணி, கடைசில பாப்பகேனோவுக்கு அவன மாதிரியே ஒருத்தி கெடைக்கா, ரெண்டும் “பா பா பா பா”ன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்து பாடும். அந்த பாட்ட வீட்ல ரெண்டு வாரமும் போடு, குளிப்பாட்டும்போது பாடு. மூணு மணி நேரத்துல அது எப்ப வரும்னு காத்துட்டு இருக்க பிள்ளைக்கு ஒரு காரணம் வேணும்லா.

நல்லவேளை உனக்கு கெடச்சது இந்த ஓபரா. இதுல நடுவுல நடுவுல சும்மா பேசுவாங்க, பொறவு பாடுவாங்க, நம்ம வில்லுப்பாட்டு மாதிரி. முழுக்க பாட்டாவே ஓடுற ஓபரா பிள்ளைகளுக்கு கஷ்டம். 1791 செப்டம்பர் 30ல இத வியன்னாவுலயே முதல்ல போட்டப்ப கதை எழுதின ஷிக்கானேடர்தான் பாப்பகேனோ வேஷம் கட்டினாரு, இசை போட்ட மோட்சார்ட்டே நின்னு நடத்தினாரு, அடுத்த ரெண்டு மாசம் கழிஞ்சு டிசம்பர் 5ல மோட்சார்ட் செத்துட்டாரு. நீ டிராம்ல போற ஊர்லதான் இதெல்லாம் நடந்துச்சுன்னு மகள்ட்ட சொல்லலாம்.

ரெண்டு இடத்த மட்டும் முன்னாடியே சொல்லி வச்சிரு. ஒண்ணு, ராத்திரி ராணி மக கையில கத்திய குடுத்து கொலை பண்ணுன்னு கத்துற பாட்டு. அந்த பாட்டுதான் 1977ல வாயேஜர் விண்கலத்துல வச்சு அனுப்பின தங்க இசைத்தட்டுலயும் இருக்கு, நம்ம இந்துஸ்தானி பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாட்டும் அதே தட்டுல இருக்கு. “இப்ப ஒரு அம்மா ரொம்ப கோவமா பாடப் போறாங்க, குயிலு மாதிரி மேல மேல போகும், அந்த பாட்டு ராக்கெட்ல போயிருக்கு”ன்னு சொல்லிட்டா பயம் போய் பெருமை வந்துரும். இன்னொண்ணு, கடைசில பாப்பகேனோ தனக்கு துணை இல்லன்னு கயித்த எடுத்துட்டு மரத்துக்கு போவான். காமெடியாத்தான் பண்ணுவாங்க, சின்ன பையனுங்க மூணு பேரு வந்து தடுத்து “மணிய அடில”ம்பாங்க. ஆனாலும் அஞ்சரை வயசு பிள்ளை கேள்வி கேக்கும். “அவனுக்கு சங்கடமா இருக்கு, பிள்ளைங்க வந்து காப்பாத்திருவாங்க”ன்னு முன்கூட்டியே சொல்லிரு.

இனி சில்லறை விஷயம். ஸ்டாட்ஸோபர்ல ஒவ்வொரு சீட்டுக்கு முன்னாலயும் குட்டி ஸ்கிரீன் இருக்கும், பாட்டோட அர்த்தம் அதுல ஓடும், மகள் அத நோண்டிட்டே இருக்கும், ஆரம்பத்துலயே ஒரு மொழிய செலக்ட் பண்ணி வச்சுட்டு கைய எடுத்து விட்டுரு. டிக்கெட் பால்கனி முதல் வரிசையா இருந்தா சந்தோஷப்படாத, பெரியவங்களுக்கு அது நல்ல சீட்டு, பிள்ளைக்கு கண்ணு மட்டத்துல கைப்பிடிக் கட்டைதான் தெரியும். போட்டு உக்கார மெத்தை உண்டான்னு கோட்டு வாங்கி வைக்கிற இடத்துல கேட்டு பாரு. பட்டுப் பாவாடை வேண்டாம், சரசரன்னு சத்தம் கேக்கும், வேர்க்கும். முக்கியமா கொலுச கழட்டிரு. மேடையில ஒருத்தி மூச்ச பிடிச்சு மெதுவா பாடும்போது உன் மகள் கால ஆட்டினா அந்த முத்துச் சத்தம் மூணு வரிசைக்கு கேக்கும், அங்க அவ்வளவு நிசப்தமா இருக்கும்.

இது ரெண்டு அங்கம், நடுவுல இடைவேளை. இடைவேளைக்கு மணி அடிச்சதும் பாத்ரூமுக்கு ஓடு, வரிசை வாசல தாண்டி நிக்கும். அதுக்கு மேல பிள்ளையால முடியலன்னா கோட்ட வாங்கிட்டு வீட்டுக்கு வந்துருங்க. பாதியில வந்ததுக்கு யாரும் பணம் கேக்க போறதில்ல, டிக்கெட்டே ஓசிதானே.

என் கதைய கேளு. என் மகனுக்கு நாலு வயசு, எங்களுக்கும் இப்படித்தான் யாரோ டிக்கெட் குடுத்தாங்க, என்ன கதைன்னே பாக்காம கூட்டிட்டு போனேன். போய் உக்காந்தா ‘டோஸ்கா’. ரெண்டாம் அங்கத்துல டோஸ்காங்கிற அந்த அம்மா போலீஸ் அதிகாரிய கத்தியால குத்துகா. என் மவன் எழும்பி நின்னு, நல்ல நாகர்கோவில் தமிழ்ல, “எம்மா, அந்த மாமாவ எதுக்கு குத்துகாவ?”ன்னு கேட்டான். நான் பதறிப் போய் வாய அடைக்க பையில இருந்த நேந்திரங்காய் சிப்ஸ எடுத்து குடுத்தேன், என் அம்மை ஊர்ல இருந்து குடுத்து விட்டது, நல்ல கனத்துல வெட்டி தேங்காண்ணெயில பொரிச்சது. அந்த பாக்கெட் பிரிச்ச சத்தமும் அவன் கடிச்ச சத்தமும் இருக்கே. முன் வரிசை கிழவி ஒருத்தி திரும்பி பாத்தா பாரு ஒரு பார்வை, இன்னைக்கும் நான் சிப்ஸ் கடிக்கும்போது அந்த மூஞ்சி வரும். தப்பு பிள்ளை மேல இல்ல, கதை தெரியாம கூட்டிட்டு போன என் மேலதான்.

இன்னொரு விஷயம், இந்த டிக்கெட்டு தாண்டியும் வியன்னாவுல பிள்ளைகளுக்கு வழி நிறைய உண்டு. ஸ்டாட்ஸோபர்காரங்களே 2024 டிசம்பர்ல நெஸ்ட்னு ஒரு சின்ன அரங்கத்த கார்ல்ஸ்பிளாட்ஸ் பக்கம் திறந்திருக்காங்க, பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்குமே உள்ளது. ஓபரா ஹவுஸ்ல வருஷா வருஷம் நடக்குற பெரிய நடன விருந்து (ஓபரா பால்) முடிஞ்ச மறுநாள் பள்ளிக்கூடத்து பிள்ளைகளுக்காக இதே மாயப் புல்லாங்குழல சுருக்கி போடுற வழக்கமும் இருக்கு, மகள் பெரிய கிளாஸ் போனதும் ஸ்கூல்ல விசாரிச்சு பாரு. டிசம்பர்ல ‘ஹென்ஸலும் கிரெட்டலும்’ எங்க போடுறாங்கன்னு பாரு, அது ரெண்டு மணி நேரத்துக்குள்ள பாட்டு முடிஞ்சுரும். ஹும்பர்டிங்க்னு ஒருத்தர் தங்கச்சி பிள்ளைங்க பாடுறதுக்குன்னு நாலு பாட்டு போட ஆரம்பிச்சு அது ஓபராவா வளந்தது, 1893 டிசம்பர் 23ல வைமார்ல முதல்ல போட்டாங்க, அன்னைல இருந்து கிறிஸ்மஸ் சமயத்து ஓபராவாவே ஆயிட்டு. அதுல எனக்கு பிடிச்சது என்னன்னா, வீட்ல தின்ன ஒண்ணும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரி கொஞ்சம் பால் குடுத்திருக்கா, அம்மா வந்ததும் அரிசி போட்டு பால்கஞ்சி வைப்பான்னு பிள்ளைங்க ரெண்டும் ஆடிட்டு இருக்கும், அம்மா வந்து வேலை செய்யாம ஆடுறியளான்னு அடிக்க வர்ற வேகத்துல அந்த பால் பானையே உடைஞ்சுரும். அந்த அம்மா பொறவு தனியா உக்காந்து அழுவா. நம்ம ஊர் கதைன்னு சொன்னா யாராவது இல்லன்னு சொல்லுவாங்களா?

கேள்வி: லண்டன்ல இருக்கோம், ஊர் குலசேகரம். மகனுக்கு மூணரை. ராயல் ஓபரா ஹவுஸ்ல டிக்கெட் போடலாம்னு பாத்தா வயசு காரணம் சொல்லி விட மாட்டாங்க போலயே. பையன் நல்லா அடங்கி இருப்பான் அக்கா, வயசு கூட்டி சொல்லி உள்ள போயிரலாமா?

வேண்டாம்ல. அங்க மெயின் அரங்கத்துக்கு அஞ்சு வயசுக்கு கீழ விடுறதில்ல, நியூயார்க்ல மெட்ங்கிற ஓபரா ஹவுஸ்லயும் அப்படித்தான். மூணரை வயசு பிள்ளை அடங்கி இருக்கும்ங்கிறத பெத்தவன் மட்டும்தான் நம்புவான். வாசல்ல “உனக்கு எத்தன வயசு?”ன்னு கேட்டா அவனே மூணு விரலையும் ஒரு அரை விரலையும் காட்டிருவான், பொறவு நீ எங்க போய் மூஞ்சிய வைப்ப.

உங்க ஊர்ல நிறைய தியேட்டர்ல ரிலாக்ஸ்டு பெர்ஃபார்மன்ஸ்னு போடுவாங்க, லைட்ட முழுசா அணைக்க மாட்டாங்க, நடுவுல எழும்பி வெளிய போய்ட்டு வரலாம், சத்தம் போட்டாலும் யாரும் முறைக்க மாட்டாங்க. அதுல ஆரம்பி. அஞ்சு வயசு ஆனதும் இங்கிலீஷ் நேஷனல் ஓபராவுக்கு கூட்டிட்டு போ, அவங்க எந்த ஊர் ஓபராவா இருந்தாலும் பெரும்பாலும் இங்கிலீஷ்லதான் பாடுவாங்க, பையனுக்கு பாதியாவது புரியும்.

கேள்வி: நான் மகளை மாயப் புல்லாங்குழலுக்கு கூட்டிட்டு போய் வந்தவ. ஜெர்மனியில ஒரு சின்ன ஊர். எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த மோனோஸ்டாட்டோஸ்ங்கிற கெட்டவன் மூஞ்சியில கருப்பு பூசி வந்தான். மகளுக்கு ஏழு வயசு, என் நிறம், என்னய விட ஒரு பிடி கூடுதல். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி நின்னுட்டு “கெட்டவங்கதான் கருப்பா இருப்பாங்களா?”ன்னு கேக்குறா. எனக்கு பதில் வரல அக்கா. (களியக்காவிளை பக்கம் உள்ள ஒரு அம்மா)

உன் மெயில படிச்சுட்டு ரெண்டு நாள் நான் ஒண்ணும் எழுதல.

முதல்ல, நீ பாத்தது உண்மைதான், பிள்ளை தப்பா புரிஞ்சுக்கல. மோட்சார்ட் காலத்து அந்த பாட்டுலயே கருப்பன் அசிங்கமானவன்ங்கிற அர்த்தத்துல ஒரு வரி இருக்கு, அவனே தன்ன பத்தி பாடுவான், எல்லாருக்கும் காதல் உண்டு, நான் கருத்தவன்ங்கிறதால எனக்கு இல்லையான்னு. இப்ப நிறைய இடத்துல அந்த வரிய மாத்திட்டாங்க, கருப்பு பூசுறதையும் விட்டுட்டாங்க. சில இடத்துல இன்னும் விடல. அதனால மத்தவங்களும் கேட்டுக்கோங்க, டிக்கெட் எடுக்கும் முன்னாடி அந்த ஓபரா ஹவுஸ் போட்டிருக்க போட்டோக்கள ஒருதரம் ஓட்டிப் பாருங்க, அந்த ஆளு எப்படி வேஷம் கட்டியிருக்கான்னு. பிடிக்கலன்னா ரெண்டு வரி மெயில் போடுங்க, அங்க பதில் எழுதுவாங்க.

மகள்ட்ட என்ன சொல்ல? ‘நீ அழகுதான் செல்லம்’னு மட்டும் சொல்லி மூடிராத. அது கேட்டது அழக பத்தி இல்ல. 200 வருஷத்துக்கு முன்ன அந்த ஊர்ல கருத்த ஆளுகள நிறைய பேரு நேர்ல பாத்ததே கிடையாது, பாக்காத ஆள பத்தி என்ன வேணா எழுதலாம்லா, அப்படி எழுதினாங்க, பாட்ட நல்லா எழுதின ஆளே இத மோசமா எழுதிட்டான்னு சொல்லு. ஏழு வயசுக்கு இது புரியும்.

அப்பறம் நம்ம பக்கத்தையும் சொல்லித்தான் ஆகணும். நான் பெருமையா சொன்ன கதகளியிலயும் பச்சை பூசினவன் நல்லவன், கரி பூசினது காட்டாளனும் அரக்கியும். சூர்ப்பணகை கரி வேஷம்தான். நான் ஆறு வயசுல அத பாத்தேன், பாட்டாட்ட இந்த கேள்விய கேக்கணும்னு எனக்கு தோணவே இல்ல. ஊர்ல கல்யாணத்துக்கு பொண்ணு பாக்குற பேச்சுல “கொஞ்சம் நிறம் கம்மி”ன்னு எத்தன தடவ கேட்டிருக்கோம், அதுக்கு எந்த மோட்சார்ட்டும் வரல. உன் மக ஏழு வயசுல கேட்டுட்டா. வேஷத்தோட நிறம் வேற, ஆளோட நிறம் வேறன்னு அதுக்கு காட்டணும்னா ஒரு வேலை செய், முகத்துல பூசுற கலர் வாங்கி குடு, அது ராணி, நீ பாம்பு, உன் வீட்டுக்காரரு மோனோஸ்டாட்டோஸ், அவருக்கு பச்சையோ ஊதாவோ எது வேணா பூசட்டும். அந்த வேஷத்த அது கையால ஒருதரம் மாத்தட்டும்.

கேள்வி: நான் மார்த்தாண்டத்துல இருந்து எழுதுகேன், வயசு 64. மகன் சிட்னியில. ஆறு மாசத்துக்கு வரச் சொல்லுகான். பேத்திய ஓபரா ஹவுஸுக்கு நீங்கதான் கூட்டிட்டு போகணும்னு மருமவ சொல்லுகா, அவளுக்கு வேலை. எனக்கு அங்க என்ன நடக்கும்னே தெரியாது. சேலை கட்டிட்டு போலாமா? ஒண்ணும் புரியலன்னா என்ன செய்ய?

சேச்சி, சேலை கட்டிட்டு ராணி மாதிரி போங்க, அங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஏசி குளிரும், ஒரு சால்வை எடுத்துக்கோங்க. வெளிய படிக்கட்டு நிறைய, முட்டு வலி இருந்தா லிஃப்ட் எங்கன்னு கேளுங்க, இருக்கு.

அந்த கட்டடம் ஓபரா ஹவுஸ்னு பேரே ஒழிய உள்ள பல அரங்கம் இருக்கு, எல்லாத்துலயும் ஓபரா கிடையாது. மருமவ எந்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்திருக்கான்னு முதல்ல கேளுங்க. பேத்திக்கு எத்தன வயசுன்னு நீங்க எழுதல. ரெண்டுல இருந்து அஞ்சு வயசுன்னா பேபீஸ் புராம்ஸ்னு அங்கயே ஒண்ணு உண்டு, பிள்ளைங்க எழும்பி ஆடலாம், வாத்தியத்த பக்கத்துல பாக்கலாம். உங்களுக்கும் அதுதான் கொள்ளாம்.

பேத்திட்ட சொல்ல ஒரு கதை தாரேன். அந்த வெள்ளை ஓடு மாதிரி கூரை இருக்கே, அத வரைஞ்சவர் டென்மார்க்காரர், யோர்ன் உட்சோன். கட்டிட்டு இருக்கும்போதே அரசாங்கத்தோட ஒத்துப் போகாம 1966ல வேலைய விட்டுட்டு ஊருக்கு போயிட்டாரு. 1973 அக்டோபர் 20ல இங்கிலாந்து ராணி வந்து திறந்தாங்க. கட்டி முடிஞ்சத அவரு சாகுற வரைக்கும் ஒருதரம் கூட நேர்ல வந்து பாக்கல. வீடு கட்டி பால் காய்ச்சாம போன கொத்தனாருங்க கதை உங்களுக்கு நாலு தெரிஞ்சிருக்கும், அதையும் சேத்து சொல்லுங்க.

புரியலன்னா? மலையாளப் படம் முதல்ல பாத்தப்ப என்ன புரிஞ்சுச்சு, இல்ல, உங்க ஊருக்கு அது புரியும், சரி, இந்திப் படம். அழுறவங்க அழுறாங்க, கோவப்படுறவங்க கோவப்படுறாங்க, அவ்வளவு போதும். மீதிய பேத்தி சொல்லித் தரும்.

கேள்வி: எங்க அப்பா தோவாளை பக்கம் வில்லுப்பாட்டுல குடம் அடிச்சவரு. வெளிநாட்டுல போய் ஓபரா பாக்குறதுக்கு இவ்வளவு பாடு படுற ஆளுங்க, லீவுக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைங்கள ஒரு கொடைக்கு கூட்டிட்டு வந்து வில்லு பாக்க வைக்காங்களா? ரூம்ல ஏசி போட்டு போன்தானே குடுக்காங்க?

அண்ணாச்சி, அடிச்சீங்க பாருங்க. உங்க கேள்விக்கு எதிரா என்கிட்ட ஒண்ணும் இல்ல.

ஆனா ஒண்ணு, இது ரெண்டுல ஒண்ணுங்கிற கணக்கு இல்ல. என் மகன் டோஸ்காவுல அவமானப்பட்ட அடுத்த வருஷம் லீவுக்கு வந்தப்ப எங்க குடும்பக் கோயில் கொடைக்கு கூட்டிட்டு போனேன். புலவர் பாடுறாரு, உடுக்கு, குடம், வில்லுல வீசுகோல் விழுற சத்தம், கூடப் பாடுறவங்க வரிக்கு வரி “ஆமா… ஆமா”ங்கிறாங்க. இவன் என் மடியில உக்காந்துட்டு “இங்க நடுவுல பேசலாமா?”ன்னு கேட்டான். பேசலாம்ல, பேசுறதுக்குத்தான் ஆளே வச்சிருக்குன்னேன். அன்னைக்கு ராத்திரி முழுக்க அவன் ஆமா போட்டான், புலவருக்கே சிரிப்பு வந்துட்டு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் நம்ம நாகர்கோவில் ஆளு, வில்லுப்பாட்டுலயும் நாடகக் கம்பெனியிலயும் இருந்துதான் சினிமாவுக்கு போனாரு. அதனால லீவுக்கு வர்றவங்க பயணத் தேதி போடும்போதே உங்க குடும்பக் கோயில் கொடை என்னைக்குன்னு ஊர்ல கேட்டுட்டு டிக்கெட் போடுங்க. அண்ணாச்சி, உங்க அப்பா அடிச்ச குடம் இன்னும் வீட்ல இருந்தா யார் கையிலயும் குடுத்துராதீங்க, அடுத்த தடவ நான் மகனோட வாறேன்.

கேள்வி: அமெரிக்காவுல இருக்கோம், சொந்த ஊர் குளச்சல். கிறிஸ்மஸுக்கு பிள்ளைகளுக்கு வீட்ல புல்கூடு, அதான் கிறிஸ்மஸ் குடில், கட்டுவோம். அதோட சேத்து பாக்குற மாதிரி ஒரு மணி நேரத்துல முடியுற ஓபரா ஏதாவது உண்டா? ஆறு வயசும் எட்டு வயசும்.

உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. ‘அமாலும் ராத்திரி விருந்தாளிகளும்’னு வச்சுக்கலாம். மெனோட்டி எழுதினது, இங்கிலீஷ்லயே, 1951 டிசம்பர் 24ல என்பிசி டிவியில முதல்ல போட்டாங்க, டிவிக்குன்னே எழுதின ஓபரா. ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும். கால் சரியில்லாத ஆட்டுக்காரப் பையன், ஊன்றுகோல் வச்சு நடக்கான், வீட்ல அம்மாவும் அவனும் மட்டும், அடுப்புல தீ இல்ல. ராத்திரி கதவ தட்டுற சத்தம், பையன் போய் பாத்துட்டு வந்து ராசா நிக்காருன்னு சொன்னா அம்மா நம்ப மாட்டா, எப்பவும் புளுகுறவன்தானே. உண்மையிலயே மூணு ராசாக்கள், குழந்தைய பாக்கப் போற வழியில தங்க வந்திருக்காங்க. எல்லாரும் தூங்கின பொறவு அந்த அம்மா தங்கத்தை பாத்துட்டே இருப்பா, என் பிள்ளைக்கு இதுல கொஞ்சம் எடுத்தா என்னன்னு. அந்த இடத்துல உங்க எட்டு வயசு ஒண்ணும் பேசாம இருக்கும் பாருங்க. மீதிய சொல்ல மாட்டேன், உங்க புல்கூட்டுல மூணு ராசாவுக்கு பக்கத்துல ஒரு ஊன்றுகோலையும் செஞ்சு வைக்கணும்னு பிள்ளைங்களே கேக்கும்.

டிசம்பர்ல அங்க நிறைய சர்ச்சுலயும் காலேஜ்லயும் இத போடுவாங்க, பெரிய ஓபரா ஹவுஸுக்கே போகணும்னு இல்ல. பக்கத்துல போடலன்னா மெட் ஓபரா நிகழ்ச்சிகள சினிமா தியேட்டர்ல நேரடியா காட்டுவாங்க, 2006 டிசம்பர் 30ல அத ஆரம்பிச்சதே சுருக்கின மாயப் புல்லாங்குழல வச்சுத்தான். தியேட்டர்னா பாப்கார்ன் உண்டு, சத்தம் பிரச்சனை இல்ல.

பக்கத்த முடிச்சு அனுப்புற நேரத்துல வியன்னா தங்கச்சிட்ட இருந்து இன்னொரு மெயில். அவளுக்கு நான் சுருக்கமா முன்னாடியே பதில் போட்டிருந்தேன், கொலுச கழட்டச் சொன்னதையும் சேத்து. மகள் பாப்பகேனோ பூட்டு கதைய கேட்டுட்டு மூணு நாளா வாய மூடிட்டு “ம்ம் ம்ம்”னே சோறு கேக்காளாம், அப்பாவும் வாறேன்னு சொல்லிட்டாராம், ஆனா கொலுச மட்டும் கழட்ட மாட்டேன்னு ஒரே பிடியாம், அம்மச்சி போட்டு விட்டதுன்னு. “என்ன அக்கா செய்ய?”

அம்மச்சி போட்டதுன்னா கழட்டாத. குளிர்காலத்துக்கு வாங்கின கட்டி கம்பளி சாக்ஸ் இருக்கும்லா, அத கொலுசுக்கு மேல முட்டு வரைக்கும் இழுத்து விட்டுரு.